இடிக்குத் தனி அறை

கதாநாயகி கத்தியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சாகத் தயாராக நின்றாள். முரசடி விழவில்லை.

அவள் சாவது முரசடியில்தான். கடைசி வசனத்தைச் சொன்னதும் அத்தனை வாத்தியமும் நின்றுவிடும். அரங்கத்தில் பொட்டுச் சத்தம் இருக்காது. பிறகு ஒரே ஒரு அடி. அந்த அடியில் கத்தி இறங்க வேண்டும். நாடகம் தொடங்கிய புதிதில் அந்த அமைதி ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான் நீடித்தது. இப்போது முன்வரிசையில் இருப்பவர் இருமி, கைக்குட்டையைத் தேடி எடுத்து, மூக்கைத் துடைத்து, அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாலும் அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

டம்.

செத்தாள். துக்கத்தில் விழுந்த மாதிரி இல்லை, கால்வலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

திரை இறங்கியதும் மேனேஜர் மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தார்.

"யோவ் இடி! அந்தப் பொண்ணு எவ்வளவு நேரம்யா கத்தியைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நிக்கும்? தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு. தைலம் கேட்டு அழுவுது."

"மாஸ்டர் குச்சி இறங்கினதும் அடிச்சேன் சார்."

"அப்ப மாஸ்டர் மேல தப்பா?"

ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் வேலைக்கு ஆபத்து. இடி முரசைத் துடைக்க ஆரம்பித்தான்.

மேடையில் மழை பெய்யும்போது தகரத் தகட்டை உலுக்கி இடிமுழக்கம் உண்டாக்குகிறவன் என்பதால் அவனுக்கு இடி என்று பெயர் வந்தது. மற்றபடி ஆள் வீட்டுக் கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்துகிறவன். டிரம்ஸ், செப்பு அண்டா மாதிரி இருக்கும் பெரிய முரசுகள், சிம்பல், மணிகள், முக்கோணக் கம்பி, குதிரை ஓடுவதற்குக் கொட்டாங்குச்சி, நாய் வருவதற்கு விசில் என்று அந்த நாடகத்தில் அடிக்கவும் தட்டவும் உலுக்கவும் வேண்டிய எல்லாமே அவன் பொறுப்பு. இளம் வயதில் ஆரம்பித்தது. வேறு எதுவும் தெரியாது. வேலை போனால் அடிப்பதற்குத் தலை மட்டும்தான் மிச்சம்.

மற்ற வாத்தியக்காரர்கள் மேடைக்கு முன்னால் இருக்கும் குழியில் உட்கார்ந்திருப்பார்கள். பார்க்க வந்தவர்கள் கண்ணில் படாத ஆழம். ஃப்ளூட், கிளாரினெட், சாக்ஸபோன் மூன்றையும் ஒரே ஆள் மாற்றி மாற்றி ஊதுவார். வாயில் ஒன்று, மடியில் ஒன்று, பக்கத்துக் கொக்கியில் ஒன்று. தும்மல் வந்தால் எதில் தும்முவது என்று அவருக்கே தெரியாது. டிரம்போன்காரர் குழலை முழுக்க நீட்டினால் அது செல்லோக்காரரின் காதுக்குள் போகும். அதனால் செல்லோக்காரர் வாசிக்கும்போதே தலையைச் சாய்த்துக்கொள்வார். மேலேயிருந்து எட்டிப் பார்க்கிறவர்கள், ஆள் என்னமாய் உருகுகிறார் என்பார்கள். ஹார்ப் இருந்த இடத்தில் இப்போது கீபோர்டு இருந்தது. ஹார்ப் வாசித்த அம்மா எங்கே போனார் என்று யாரும் கேட்டதில்லை. டபுள் பேஸ்காரர் மட்டும் நின்றுகொண்டு வாசிப்பார். அந்த வாத்தியத்தை அங்கே வேறு விதமாகப் பிடிக்க இடம் கிடையாது.

இவர்களுக்கு நடுவே உயரமான பலகைமேல் மாஸ்டர். கையில் குச்சியோடு மொத்தக் கூட்டத்தையும் நடத்துகிறவர். பெரிய மனிதர். சின்ன ஆட்கள் பேசுவது அவர் காதில் ஏறாது. வணக்கம் சொன்னாலும் தலையை ஆட்டுவார், லீவு கேட்டாலும் அதே ஆட்டல்தான், ஆனால் லீவு வராது.

இடியும் அந்தக் குழியில் மாஸ்டருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவன்தான். அப்போதெல்லாம் அவன் மாஸ்டரைப் பார்த்ததே இல்லை. பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, மேடையில் நடக்கிறவர்களின் காலடியைக் காதில் வாங்கி, அதன் போக்கில் அடிப்பான். யாரும் ஒரு குறை சொன்னது கிடையாது. ஆனால் அவன் சிம்பலைத் தட்டினால் வரும் காற்றில் வயலின்காரம்மாவின் பாட்டுத்தாள் பறந்தது. முன்வரிசைக்காரர் ஒருவர் தன் பல்செட் ஆடுவதாக முறையிட்டார். முதலாளி அவனை மூட்டை முடிச்சோடு மாடிக்கு அனுப்பினார்.

மாடியில் இருந்தது உடுப்பு அறை. தையலக்கா அங்கே பல வருடமாக ராஜ்ஜியம் நடத்தினாள்.

"இங்க வந்து டம்மு டும்முன்னு போட்டீன்னா ஊசி எனக்குள்ளதான் இறங்கும், சொல்லிட்டேன்," என்று வரவேற்றாள்.

வயர்மேன் வந்து ஒரு டி.வி.யை மாட்டினான். அதில் மாஸ்டர் தெரிந்தார், இடுப்புக்கு மேலே, குச்சியோடு. கீழே நடப்பதைக் கேட்க ஒரு ஹெட்ஃபோன், இவன் அடிப்பதைக் கீழே அனுப்ப ஒரு மைக். கடைசியாக இடியின் முகத்துக்கு நேரே ஒரு காமிராவை வைத்து ஆணி அடித்தான்.

"இது எதுக்குப்பா?"

"மாஸ்டர் கேட்டாரு. உங்களைப் பாத்துட்டே இருக்கணுமாம்."

தூங்குகிறானா, பீடி பிடிக்கிறானா, தையலக்காவோடு கதையடிக்கிறானா என்று பார்க்கத்தான் என்று இடிக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் நாற்காலியில் சாய்ந்ததில்லை. கண்ணை மூடியதில்லை. டி.வி.யில் தெரியும் குச்சியைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. குச்சி அசைந்தால் அடித்தான், அசையாவிட்டால் அடிக்கவில்லை. இப்படி ஒழுக்கமாக அவன் வாழ்க்கையில் வாசித்ததே கிடையாது.

அன்றிலிருந்துதான் நாடகம் நீள ஆரம்பித்தது.

"பிந்துறேய்யா நீ," என்றார் மேனேஜர். "குச்சியைச் சரியாப் பாரு. அவ்வளவுதான்."

இடி டி.வி.யை மூக்குக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தான். புதுக் கண்ணாடி வாங்கினான். குச்சி அசைவதற்கு முன்னால் தவறிப்போய்க்கூடக் கை போகக் கூடாது என்று, குச்சி முழுக்க இறங்கிய பிறகே அடித்தான். காதல் பாட்டு தாலாட்டு ஆனது. தாலாட்டில் கதாநாயகன் நிஜமாகவே கொட்டாவி விட்டான்.

வீட்டில் மனைவியைச் சமையலறை நடுவில் நிற்க வைத்து, கையில் கரண்டியைக் கொடுத்தான்.

"இதை நீ எப்ப அசைக்கிறியோ அப்ப நான் மேசையில தட்டுவேன். சொல்லாம அசைக்கணும்."

"எதுக்கு?"

"பிந்துறேனாம்."

"அது கல்யாணத்தன்னிக்கே தெரியும்." அசைத்தாள். தட்டினான். அசைத்தாள். தட்டினான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இத்தனை வருஷத்துல என் பக்கம் இப்படி ஒரு நாள் பாத்திருக்கீங்களா? நான் கூப்பிட்டா திரும்புறதில்ல. கரண்டிக்கு என்னமா திரும்புறீங்க!"

"வேலை போயிடும்டி."

அவள் கரண்டியை மறுபடி எடுத்தாள். அடுப்பில் இருந்தது கருகும்வரை அசைத்தாள்.

பயிற்சி நன்றாகவே வேலை செய்தது. மறுநாள் குச்சியைவிட்டு அவன் கண் இம்மிகூட நகரவில்லை. நாடகம் முன்னைவிட நீண்டது. நடனக்காரப் பெண்கள் முரசடிக்குக் குதித்து, அடி வராததால் தரையில் இறங்கி, வந்த பிறகு இன்னொரு தரம் குதித்தார்கள். டிரம்போன்காரருக்கு உதடு வீங்கியது. மூன்று வாத்தியம் ஊதுகிறவர் இடைவேளையில் மாடிக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, என் மூச்சுக்கு ஒரு அளவு இருக்குண்ணே. அந்த நீள ஸ்வரத்தைப் பிடிச்சிக்கிட்டே இருந்தா கண்ணுல பூச்சி பறக்குது."

"நான் என்னப்பா பண்ணுவேன்? குச்சி இறங்கணும்ல?"

"உங்க அடி வரணும்ல?" என்று சொல்லிவிட்டு அவர் தள்ளாடிக்கொண்டு போனார்.

எல்லோர் பார்வையும் தன் மேல்தான் என்று இடிக்குப் புரிந்தது. யோசித்துப் பார்த்ததில் குற்றம் ஹெட்ஃபோனில் இருக்கிறது என்று பட்டது. அதில் பாட்டு கேட்கிறது. பாட்டு கேட்டால் கை தானாகத் துடிக்கிறது. துடிக்கிற கையை அடக்குவதில் நேரம் போகிறது. ஹெட்ஃபோனைக் கழற்றித் தையலக்காவிடம் கொடுத்தான்.

"எனக்கு எதுக்கு இது?"

"நீங்களே கேளுங்கக்கா. எனக்குக் கண்ணு போதும்."

தையலக்கா அதை மாட்டிக்கொண்டு பொத்தான் தைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏம்பா, இது சந்தோஷமான பாட்டா, சாவுப் பாட்டா?" என்றாள்.

"கல்யாணப் பாட்டு."

"ஓ," என்றாள். அடுத்த பொத்தானை எடுத்தாள். அந்த 'ஓ'தான் அவனுக்குத் தாங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் மேனேஜர் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். அதை முரசுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்ன சார் இது?"

"தாள மெஷின். முதலாளி வாங்கிட்டாரு. கீழ கீபோர்டுக்குப் பக்கத்துல வெச்சா அவரே ஒரு பொத்தானை அமுக்கிக்குவாரு. முரசு, சிம்பல், இடி, மழை, குதிரை எல்லாம் உள்ள இருக்கு."

இடி பெட்டியைப் பார்த்தான். அவ்வளவு குதிரையும் மழையும் இருக்கிற பெட்டி செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது.

"இன்னும் பிரிக்கல," என்றார் மேனேஜர். குரலைத் தாழ்த்தினார். "நான்தான் சொல்லி நிறுத்தி வெச்சிருக்கேன். மாஸ்டர்கிட்ட உன்னைப் பத்திக் கேட்டேன். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லல, அவர் பாட்டுக்கு, 'அவன் கை அசையவே மாட்டேங்குது, நல்லா அசைக்கச் சொல்லு'ன்னாரு. சோம்பேறி மாதிரி உக்காந்திருக்கியாம். காமிராவில தெரியுதுல்ல? கையை வீசி வாசிய்யா. உசுரோட இருக்கறதைக் காட்டு."

மறுநாள் இடி உயிரோடு இருப்பதைக் காட்டினான். அடி உள்ள இடத்தில் தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கினான். அடி இல்லாத இடத்திலும் சும்மா இருக்கவில்லை. முரசுக் குச்சிகளைக் காற்றில் சுழற்றினான், தொடையில் தட்டினான், தலையைக்கூட ஆட்டினான். டி.வி.யில் மாஸ்டருக்கும் அன்றைக்கு வேகம் பிடித்துவிட்டது. குச்சி பறந்தது. மாஸ்டர் கோபத்தில் வீசுகிறார் என்று நினைத்த இடி இன்னும் வேகமாகக் கையை வீசினான். மாஸ்டர் அதைவிட வேகமாக வீசினார். பெரிய மனிதரோடு போட்டி போட முடியுமா என்று பயந்து இடி இன்னும் கொஞ்சம் வீசினான்.

தையலக்கா ஹெட்ஃபோனை இரு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். "ஐயையோ, கீழ தீப்பிடிச்சிருச்சா?"

தீ இல்லை. ராஜாவின் இறுதி ஊர்வலம். திரை இறங்குவதற்குள்ளேயே மேனேஜர் மாடியில் இருந்தார்.

"பிணத்தைத் தூக்கிட்டு ஓடுறானுங்கய்யா! பின்னால ராணி செருப்பு ஒரு பக்கம், தான் ஒரு பக்கம்! ராஜாவா நடிக்கிற பெரியவரு பயந்துபோய் எந்திரிச்சு உக்காந்துட்டாரு! ஜனம் கைதட்டுது!"

"கையை வீசச் சொன்னீங்களே சார்…"

"வீசச் சொன்னா, ஊரைக் கிளப்பச் சொன்னேனா?" அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான். "இதோ பாரு. ஞாயித்துக்கெழமை பகல் காட்சிக்கு முதலாளி வர்றாரு. பாத்துட்டு முடிவு பண்ணுவாரு. இது ஒண்ணுதான் உனக்கு. மாஸ்டர் குச்சிக்கு முன்னாடியும் போகாதே, பின்னாடியும் போகாதே. அது இறங்குது, நீ இறங்கு. வேற எந்தச் சேட்டையும் வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி அவனுக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். யாரும் பார்க்கப் போவதில்லையே என்றான். காமிராவில தெரியும்ல என்றாள்.

அன்றைக்கு இடி கல் மாதிரி உட்கார்ந்தான். அனாவசியமாக ஒரு விரல் அசையவில்லை. காதோரம் வியர்வை இறங்கி அரித்தது, சொறியவில்லை. நாடகம் எருமை மாடு குளத்திலிருந்து எழுந்து வருவது போல வந்தது. ஆனாலும் குச்சியும் அவனும் ஒன்றாக இருந்தார்கள். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. தப்பித்துவிடுவோம் என்று கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது. அவனுக்கு நம்பிக்கை வந்து நல்லது நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

கடைசிக் காட்சி வந்தது. கதாநாயகி வசனத்தை முடித்தாள். வாத்தியங்கள் நின்றன. கத்தி உயர்ந்தது.

டி.வி.யில் மாஸ்டரின் குச்சி மேலே போய் நின்றது. இடியின் கையும் மேலே போய் நின்றது.

மாஸ்டர் வழக்கம் போலத் தலையைக் குனிந்து எதிரே இருந்த பாட்டுத்தாள் ஸ்டாண்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இடி குச்சியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அது இறங்கட்டும். நான் முந்த மாட்டேன். செத்தாலும் முந்த மாட்டேன்.

குச்சி இறங்கவில்லை.

"ஏம்பா," என்றாள் தையலக்கா, ஹெட்ஃபோனைத் தட்டிப் பார்த்து, "சத்தமே காணோம்? முடிஞ்சிருச்சா?"

"பேசாதீங்கக்கா."

இடிக்குத் தோள் வலித்தது. முழங்கை நடுங்க ஆரம்பித்தது. டி.வி.யில் மாஸ்டரின் கையும் நடுங்கியது. பாவம், வயசான மனிதர், நமக்காக இப்படிக் கஷ்டப்படுகிறாரே என்று அந்த நிலையிலும் அவனுக்குத் தோன்றியது. கீழே யாரோ இருமினார்கள். பிறகு எல்லோரும் இருமினார்கள். இருமல் முடிந்து ஒரு குழந்தை, "அந்த அக்கா எப்பம்மா குத்திக்கும்?" என்று கேட்டது தையலக்காவுக்கு ஹெட்ஃபோனில் தெளிவாக விழுந்தது. அவள் அதை அப்படியே இடிக்குச் சொன்னாள்.

"அக்கா, கும்பிட்டுக் கேக்கறேன், வேணாம்."

"இப்ப யாரோ அந்தப் பொண்ணை உக்காரச் சொல்றாங்க… உக்காந்துருச்சு போல… 'ரொம்ப வலிக்குது, நீ கொஞ்சம் பிடி'ங்குது… யாருகிட்டப்பா சொல்லுது?"

இடியின் தோள் அத்தோடு கையை விட்டுவிட்டது. அவன் அடிக்கவில்லை. கை செத்து, அதிலிருந்த முரசுக் குச்சி தன் பாரத்தில் முரசின்மேல் விழுந்தது.

டம்.

அதே நேரத்தில் டி.வி.யில் மாஸ்டரின் குச்சி இறங்கியது. அதே நேரம் இல்லை. ஒரு இமைப்பொழுது கழித்து. இடி தன் கண்ணால் பார்த்தான். முந்திவிட்டான். இத்தனை நாளாகக் கரண்டியையும் குச்சியையும் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவன், முதலாளி உட்கார்ந்திருக்கிற அன்றைக்கு, மாஸ்டரை முந்திவிட்டான்.

இந்தமுறை மேனேஜர் ஓடி வரவில்லை. மெதுவாக ஏறி வந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

"தப்பான ஆள் செத்துட்டான்யா," என்றார்.

"சார்?"

"கத்தி அப்ப கதாநாயகன் கையில இருந்துது. அந்தப் பொண்ணு கொஞ்சம் பிடின்னு கொடுத்திருக்கு. முரசடி விழுந்ததும், யாராவது ஒருத்தர் சாகணுமேன்னு அவன் குத்திக்கிட்டு விழுந்துட்டான். அந்தப் பொண்ணு பேந்தப் பேந்த முழிக்குது. அதுக்கப்புறம் அவன்தானய்யா அவளுக்காக அழணும்? முதலாளி பாதியிலயே எழுந்து போயிட்டாரு. போறப்ப பெட்டியைப் பிரிக்கச் சொல்லிட்டாரு."

இடி தலையை ஆட்டினான். சண்டை போடவில்லை. நான் முந்தினது உண்மைதான் சார், கை விட்டுப்போச்சு என்று மட்டும் சொன்னான். முரசுக்குத் துணியைப் போட்டு மூடினான். சிம்பல்களைக் கழற்றிப் பையில் வைத்தான். கொட்டாங்குச்சிகளைக் கையில் எடுத்தவன், இதை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றான். குதிரையை மறுபடியும் உருவாக்கலாம். ஏறிப் போகத்தான் இடமில்லை.

தையலக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி அவன் பையின் மேல் வைத்தாள். "ஊசி ஒரு தடவைகூடக் குத்தலப்பா," என்றாள். அவளுக்கு அவ்வளவுதான் ஆறுதல் சொல்ல வரும்.

அந்த நேரத்தில், கோட்டுப் பொத்தான் அறுந்துவிட்டது என்று டபுள் பேஸ்காரர் படியேறி வந்தார். கோட்டைத் தையலக்காவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினால் காலடியில் பை.

"என்ன இடி, எங்க கிளம்பிட்ட?"

"நாளையிலேர்ந்து நான் இல்லண்ணே. மெஷின்தான்."

"மெஷினா?"

"நல்ல மெஷின்," என்றார் மேனேஜர், பெட்டியைப் பிரித்துக்கொண்டே. "முந்தாது, பிந்தாது. ஒரே சீரா அடிக்கும். கீபோர்டுக்குக் கீழ எங்கயாவது சொருகிடலாம்."

பேஸ்காரர் பெட்டியை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். எதையோ தேடுகிறவர் மாதிரி அடியிலும் பார்த்தார்.

"ஏன் சார், இதுக்குக் கை எங்க இருக்கு?"

"தாளம் போடற மெஷினுக்குக் கை எதுக்குய்யா?"

பேஸ்காரர் மேனேஜரைப் பார்த்தார், பிறகு கொட்டாங்குச்சியோடு நிற்கும் இடியைப் பார்த்தார்.

"உங்களுக்கெல்லாம் தெரியும்னுல்ல குழிக்குள்ள அத்தனை பேரும் நினைச்சிட்டிருக்கோம்! மாஸ்டருக்குக் காது சுத்தமா போனதுலேர்ந்து, ஸ்டாண்டுல ஒரு குட்டி டி.வி. வெச்சு, இடி கை அசையறதைப் பாத்துத்தானே சார் அவரு குச்சியையே அசைக்கிறாரு!"